இல்லாத அரசர்களிடம் என்ன கேட்பது?

அயர்லாந்தின் தொன்ம அரசர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து விழுகிற கேள்வி, “இவங்கல்லாம் உண்மையிலேயே இருந்தாங்களா?” என்பதுதான். இல்லை என்று சொன்னால் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடுகிறது. இருந்திருக்கலாம் என்று கொஞ்சம் இழுத்தால் கண்கள் விரிகின்றன. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் என்பது என் கருத்து. வரலாறு என்று யாராவது முத்திரை குத்திக் கொடுத்தால்தான் ஒரு பழங்கதைக்கு மதிப்பு என்று நினைக்கிற நோய் அது. மிகுபுனைவு நாவல்கள் வழியாகவும் காணொளிகள் வழியாகவும் இந்த அரசர்களிடம் வந்து சேர்கிற நம் வயது வாசகர்களிடம் அது தொற்றிக்கொண்டிருக்கிறது. வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வந்த இடத்தில் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘லெவர் கவாலா எரென்’ என்ற நூல், அயர்லாந்தை யார் யார் எப்போது கைப்பற்றினார்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. நோவாவின் பிரளயத்துக்கு நாற்பது நாள் முன்பு கெசைர் என்ற பெண் வந்து இறங்குகிறாள். பிறகு பார்தலோன், நெமெத், ஃபிர் போல்க் கூட்டம், மாயவித்தை தெரிந்த துவாதா டே டனன், கடைசியில் ஸ்பெயினிலிருந்து மீலின் மக்கள். மீலின் மக்கள்தான் இன்றைய அயர்லாந்துக்காரர்களின் முன்னோர் என்பது நூலின் முடிவு. அவர்கள் வந்த பிறகு, கிறிஸ்துவம் வரும்வரை ஆண்டதாகச் சொல்லப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட அரசர்களின் பெயர்களும், அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற விவரமும் வருகின்றன. பெரும்பாலும் ஒருவனை அடுத்தவன் கொன்று அரியணை ஏறுகிறான். 1632 முதல் 1636 வரை மீகால் ஓ கிளேரியும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய ‘நான்கு ஆசான்களின் ஆண்டுக்குறிப்புகள்’ இதற்கெல்லாம் ஆண்டுக்கணக்கே போட்டுவிட்டது. அதன்படி மீலின் மக்கள் கப்பலேறி வந்தது உலகம் படைக்கப்பட்ட 3500ஆம் ஆண்டில். நம் கணக்கில் ஏறத்தாழ கி.மு. 1700.

எண் ஒன்றைப் பார்த்துவிட்டால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. காணொளிக்காரர்கள் அந்த 1700ஐத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் அந்த மீல் யார்? முழுப்பெயர் மீல் எஸ்பான்யே. லத்தீனில் ‘ஸ்பெயின் நாட்டுப் போர்வீரன்’ என்று பொருள்படும் சொற்றொடரை அப்படியே ஐரிஷ் மொழிக்குக் கொண்டுவந்து ஓர் ஆளின் பெயராக்கிவிட்டார்கள். ஒரு தேசத்தின் ஆதித்தந்தைக்குப் பெயர்கூடக் கிடையாது, பதவிதான் இருக்கிறது! அவன் ஏன் ஸ்பெயினிலிருந்து வர வேண்டும்? 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிடோர், இபேரியா என்ற சொல்லையும் அயர்லாந்தின் லத்தீன் பெயரான ஹிபர்னியாவையும் ஒலியைக் கொண்டு முடிச்சுப் போட்டிருந்தார். அதற்கும் முன்பே ஒரோசியுஸ், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பிரிகாந்தியா என்ற ஊரில் உயரமான கலங்கரைவிளக்கம் ஒன்று இருப்பதையும், அயர்லாந்தின் ஒரு முனை அந்தத் திசையைப் பார்த்து நிற்பதையும் எழுதியிருந்தார். அவ்வளவு போதும். ஐரிஷ் நூலில் மீலின் உறவினன் ஈத், ஒரு குளிர்காலத்து மாலையில் அந்தக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று கடலுக்கு அப்பால் அயர்லாந்தைப் பார்த்துவிடுகிறான். ரோமர்கள் கட்டிய அந்தக் கலங்கரைவிளக்கம் இன்றும் லா கொருன்யா நகரத்தில் நிற்கிறது. அதன் உச்சிக்குப் போனாலும் கடல்தான் தெரியும்.

இதை யாரோ காட்டுமிராண்டிகள் உளறிவைத்ததாக எண்ண வேண்டாம். எழுதியவர்கள் அந்தக் காலத்து ஐரோப்பாவிலேயே நன்றாகப் படித்தவர்களில் சிலர். 1056இல் இறந்த ஃப்ளான் மைனிஸ்ட்ரெக் மடாலயப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். அரசர் வரிசையைப் பாட்டாகக் கட்டிய கில்லா கோமான் அவருக்கு அடுத்த தலைமுறை. இவர்கள் கையில் விவிலியம் இருந்தது. அதில் எபிரேயருக்கு ஓர் ஆதி உண்டு, எகிப்துக்கும் பாபிலோனுக்கும் இடம் உண்டு, அயர்லாந்து இல்லை. யூசெபியுஸ் வகுத்த உலக அரசர்களின் கால அட்டவணையிலும் அயர்லாந்து இல்லை. உலக வரலாற்றில் தங்கள் தீவுக்கான கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தவர்கள், தெரிந்த எல்லாவற்றையும் வைத்து அதை நிரப்பினார்கள்.

நான் படித்தது பொறியியல். ஒரு வரைபடம் கைக்கு வந்தால் முதலில் பார்ப்பது அதன் மூலையில் இருக்கும் திருத்தக் கட்டத்தைத்தான். எத்தனையாவது திருத்தம், என்ன தேதி, யார் கையொப்பமிட்டது? லெவர் கவாலாவுக்கும் பல திருத்தப் பிரதிகள் உண்டு. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை, வரிசை மாறுகிறது, பெயர்கள் கூடுகின்றன. மெக்காலிஸ்டர் 1938 முதல் 1956 வரை ஐந்து தொகுதிகளாக அதைப் பதிப்பிக்க வேண்டிவந்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். ஆக, ‘லெவர் கவாலா சொல்கிறது’ என்று ஒருவர் தொடங்கினால், ‘எந்தத் திருத்தம்? யாருக்காகத் திருத்தியது?’ என்று கேட்பதுதான் முறை.

யாருக்காக என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆரம்ப இடைக்கால அயர்லாந்தில் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 150 சிற்றரசர்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர் எஃப். ஜே. பர்ன் கணக்கிடுகிறார். ஓர் அரசனின் நாடு சில நூறு வீடுகள், கொஞ்சம் மேய்ச்சல் நிலம், நிறைய மாடு. பழைய சட்ட நூல்கள் அரசர்களைப் படிநிலையாகப் பிரித்து விரிவாகப் பேசுகின்றன. முழுத் தீவையும் ஆளும் பேரரசன் ஒருவன் அவற்றின் அமைப்பில் இல்லை என்று பின்ச்சி 1970இல் அழுத்திச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைக் கொஞ்சம் தளர்த்தினாலும் அடிப்படை மாறவில்லை. அப்படியானால் ஆதிகாலம் முதல் தாராக் குன்றில் உட்கார்ந்து மொத்த அயர்லாந்தையும் ஆண்ட அரசர்களின் அறுபடாத வரிசை எங்கிருந்து வந்தது? தாராவின் அரசன் என்ற பட்டத்தை நூற்றாண்டுக்கணக்கில் தங்களுக்குள் வைத்திருந்த ஈ நேல் குலத்தாருக்கு, தங்கள் ஆசைக்கு ஒரு பழமை தேவைப்பட்டது. எதிர்காலத்தில் அடைய நினைத்ததை இறந்தகாலத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

1002இல் மன்ஸ்டரைச் சேர்ந்த ப்ரையன் போரு, ஈ நேல் அரசன் மயல் செக்னலைக் கீழே இறக்கித் தானே மேலே ஏறினான். ப்ரையனின் டால் காஷ் குலம் அதுவரை பெரிதாகப் பேசப்படாத ஒன்று. ஆனால் அவர்கள் மேலேறிய வேகத்திலேயே குலவரிசையும் மேலேறியது. மன்ஸ்டரை நெடுங்காலம் ஆண்ட ஓகனக்ட் குலத்தின் மூதாதைக்குத் திடீரென்று ஒரு சகோதரன் முளைத்தான், அவன்தான் டால் காஷ்களின் தந்தையாம். தொன்மக் கதையிலும் மீலின் மகன்களில் எரெமோன் வடக்கையும் எவெர் தெற்கையும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். வடக்கத்திக் குலங்கள் எரெமோனின் பிள்ளைகள், தெற்கத்திக் குலங்கள் எவெரின் பிள்ளைகள். அல்ஸ்டர்க்காரர்களுக்கு ஈர் என்று இன்னொரு மகன். யார் பலமடைந்தாலும் மரத்தில் ஒரு கிளை தயாராக இருக்கும். சொத்துத் தகராறில் புதிதாக ஒரு சித்தப்பா கிளம்பி வருவாரே, அதேதான்.

இந்த வேலையின் நேர்த்தியைப் பார்க்க ஒரு கதை போதும். ஒன்பது பணயக்கைதிகளின் நியல் என்பவன் ஈ நேல்களின் மூதாதை. அவனும் அவனுடைய மாற்றாந்தாய்ப் பிள்ளைகளும் வேட்டைக்குப் போகிறார்கள். தாகம். கிணற்றடியில் ஓர் அருவருப்பான கிழவி உட்கார்ந்திருக்கிறாள். முத்தம் கொடுத்தால்தான் தண்ணீர். மற்றவர்கள் மறுக்கிறார்கள். ஃபியக்ரா என்பவன் மட்டும் பட்டும் படாமல் ஒரு முத்தம் வைக்கிறான். நியல் தயங்காமல் அணைத்துக்கொள்ள, கிழவி பேரழகியாகிறாள். நானே அரசுரிமை என்கிறாள். உன் வம்சம் ஆளும், அரைகுறை முத்தம் தந்த ஃபியக்ராவின் வம்சத்தில் இரண்டு பேர் மட்டும் ஆள்வார்கள் என்கிறாள். கதை எழுதப்பட்டபோது மரபின் கணக்குப்படி ஃபியக்ராவின் வம்சத்தில் தாராவை ஆண்டவர்கள் சரியாக இரண்டு பேர்தான், தாதியும் அயில் மோல்ட்டும். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வியை எழுதியிருக்கிறார்கள்.

சரி, அப்போ மொத்தமும் பொய், மூடிவைத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அதற்குமுன், உண்மை என்று நம்பியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

லெவர் கவாலாவில் எரெமோனின் மனைவி பெயர் தெயா. தாரா என்ற இடப்பெயருக்கு விளக்கம் சொல்லக் கட்டப்பட்ட பாத்திரம் அவள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்–இஸ்ரவேலர் என்ற கூட்டம் ஒன்று, ஆங்கிலேயர்கள்தான் தொலைந்துபோன இஸ்ரவேல் கோத்திரம் என்று நம்பியது. அவர்கள் இந்தத் தெயாவை யூத அரசன் சிதேக்கியாவின் மகளாக்கினார்கள். தீர்க்கதரிசி எரேமியா அவளோடு அயர்லாந்துக்கு வந்தார் என்றார்கள். வந்தவர் உடன்படிக்கைப் பெட்டியையும் கொண்டுவந்து தாராவில் புதைத்திருக்க வேண்டுமல்லவா? 1899 முதல் 1902 வரை மண்வெட்டியோடு வந்து தாராக் குன்றைத் தோண்டினார்கள். கவிஞர் யேட்ஸ், டக்ளஸ் ஹைட், மோட் கான் போன்றவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை. சினாட்களின் வளையம் என்று அழைக்கப்படும் உண்மையான தொல்லிடம்தான் குதறப்பட்டது. இல்லாத அரசியின் மேல் வைத்த நம்பிக்கை, இருந்த மனிதர்கள் விட்டுப்போன தடயத்தை அழித்தது. ‘நம்பினா என்னப்பா, யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

நம் காலத்து மண்வெட்டி டிஎன்ஏ. 2006இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், அயர்லாந்தின் வடமேற்கில் ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் ஒரே வகையான ஒய் குரோமோசோம் அடையாளம் இருப்பதைக் கண்டார்கள். ஈ நேல் வழிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பப்பெயர்களோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. ஒரு வலுவான குலத்தின் ஆண்வழி பரவியிருக்கலாம் என்பது நியாயமான ஊகம். செய்தித்தாள்களில் அது ‘நியலின் பிள்ளைகள் முப்பது லட்சம்’ என்ற மாதிரி மாறியது. குரோமோசோமில் பெயர் எழுதியிருக்காது. ஒரு பொது மூதாதை இருந்தான் என்று சொல்லலாம். அவன் கிணற்றடியில் கிழவியை முத்தமிட்டானா, அவன் பெயர் நியலா என்று எந்த ஆய்வகமும் சொல்லாது. ஆனாலும் எச்சிலை அனுப்பி அரசவம்சச் சான்றிதழ் வாங்க ஆள் இருக்கும்வரை இந்த வியாபாரம் நடக்கும். 11ஆம் நூற்றாண்டில் டால் காஷ்கள் புலவர்களிடம் வாங்கியதும் இதே சரக்குதான். அன்றாவது பதிலுக்கு ஓர் இலக்கியம் கிடைத்தது.

இன்னொரு கூட்டம் இவர்களைவிடப் படித்தது, அதனாலேயே எனக்கு இவர்களோடு சண்டை அதிகம். ‘பாதிரியார்கள் மேலே பூசிய சுண்ணாம்பைச் சுரண்டிவிடுங்கள், உள்ளே தூய பழைய மதம் இருக்கும்’ என்பவர்கள். அறிஞர் ஓராஹிலி 1946இல் எழுதிய பெரிய நூலில் தொன்ம அரசர்கள் பலரைத் தேய்ந்துபோன தெய்வங்களாகவும், படையெடுப்புக் கதைகளை மறைந்துபோன குடியேற்றங்களின் நினைவாகவும் வாசித்தார். அவருடைய உழைப்பு மலைக்க வைப்பது. ஆனால் அந்த வாசிப்பில் எழுதியவனுக்கு இடமே இல்லை. அவன் வெறும் அஞ்சல்காரன், சில சமயம் கடிதத்தைக் கிழித்துவிட்ட அஞ்சல்காரன். 1955இல் ஜேம்ஸ் கார்னியும் 1990இல் கிம் மெக்கோனும் இந்தப் போக்கை எதிர்த்தார்கள். இந்தப் பிரதிகள் கிறிஸ்துவப் படிப்பாளிகள் தங்கள் காலத்துக்காக எழுதிய இலக்கியம் என்பது அவர்கள் வாதம். பழைய சரக்கு எதுவுமே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பழைய சரக்கை எடுத்தவன் எதற்காக எடுத்தான் என்று கேட்கச் சொல்கிறார்கள்.

கோர்மக் மக் ஆர்ட்டைப் பாருங்கள். அயர்லாந்தின் சாலமன் மாதிரி ஓர் அரசன். புனித பேட்ரிக் வருவதற்கு வெகுமுன்பே ஒரே கடவுளை உணர்ந்துவிட்டானாம். அதனால்தான் மற்ற அரசர்களைப் புதைக்கும் ப்ரூ குன்றுகளில் தன்னைப் புதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுச் செத்தானாம். சாவு எப்படி? தொண்டையில் சால்மன் மீன் முள் குத்தி. இந்தக் கதையிலிருந்து கிறிஸ்துவத்தைச் சுரண்டினால் என்ன மிஞ்சும்? மீன் முள்தான். தன் முன்னோர் நரகத்துக்குப் போயிருப்பார்களே என்று தவித்த ஒரு கிறிஸ்துவன், அவர்களில் நல்லவன் ஒருவனையாவது காப்பாற்ற எழுதிய கதை இது. அந்தத் தவிப்புதான் இதன் உயிர். அதைச் சுண்ணாம்பு என்கிறீர்களா?

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். பட்டியல் யார் ஆளலாம் என்பதற்கு ரத்தத்தைக் காட்டுகிறது. ஆனால் அதே படிப்பாளி வர்க்கம், அதே அரசர்களைப் பற்றி எழுதிய கதைகளில் ரத்தம் போதாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃபீர் ஃப்லதெமன்’, ஆள்பவனின் வாய்மை. அரசன் சரியாகத் தீர்ப்புச் சொன்னால் பால் பெருகும், கதிர் முற்றும், ஆற்றில் மீன் இருக்கும். தவறினால் எல்லாம் வற்றும். ஆளுபவனை எப்படி எடைபோடுவது என்று ஒரு சமூகம் பல நூற்றாண்டுகள் யோசித்ததன் பதிவு இந்தக் கதைகள். பட்டியலில் சொக்கி நிற்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

துவாதா டே டனன்களின் அரசன் நுவது போரில் கையை இழக்கிறான். ஊனமுற்றவன் அரசனாக இருக்கக் கூடாது என்று இறக்கிவிடுகிறார்கள். மருத்துவன் வெள்ளியில் கை செய்து தருகிறான். அதற்குள் ப்ரெஸ் என்ற அழகனுக்கு முடிசூட்டியாகிவிட்டது. அழகாக இருக்கும் எதற்கும் அவன் பெயரை உவமை சொல்வார்களாம், அவ்வளவு அழகு. ஆனால் கஞ்சன். அவன் வீட்டுக்குப் போய்வந்தவர்களின் கத்தியில் கொழுப்பு ஒட்டியிருக்காது, மூச்சில் மது வாடை வராது. வீரர்களை விறகு சுமக்க வைத்தான். ஒருநாள் கார்ப்ரே என்ற புலவர் வருகிறார். நெருப்பில்லாத இருட்டுக் கொட்டடி ஒன்றில் தங்கவைத்து மூன்று காய்ந்த சிறு ரொட்டிகளைத் தருகிறார்கள். காலையில் எழுந்து அவர் ஒரு வசைப்பாட்டுப் பாடுகிறார். அயர்லாந்தின் முதல் வசைப்பாட்டு அது என்கிறது கதை. அன்றோடு ப்ரெஸ்ஸின் செழிப்பு முடிந்தது. சொல்லால் ஓர் அரசன் கவிழ்ந்தான். இது நடந்ததா என்று கேட்பதைவிட, இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நிஜ அரசனின் வயிற்றில் என்ன நடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

மக் கோன் தாராவை ஆண்டபோது ஆடுகள் அரசியின் தோட்டத்தில் புகுந்து சாயச்செடியை மேய்ந்துவிடுகின்றன. ஆடுகளை அரசிக்குக் கொடுத்துவிடு என்று தீர்ப்பளிக்கிறான். அங்கே வளர்ந்துகொண்டிருந்த சிறுவன் கோர்மக், “வேண்டாம், ஆட்டின் ரோமத்தை மட்டும் கொடுத்தால் போதும். செடியும் மறுபடி வளரும், ரோமமும் மறுபடி வளரும்” என்கிறான். மேய்ச்சலுக்கு ஒரு கத்தரிப்பு ஈடு. இழப்பு எவ்வளவோ ஈடும் அவ்வளவே. எவ்வளவு சுத்தமான நியாயம்! பொய்த்தீர்ப்புச் சொன்ன அந்த வீட்டின் ஒரு பக்கம் சரிவில் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் மக் கோன் ஓர் ஆண்டு பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அந்த ஆண்டு புல் முளைக்கவில்லை, மரத்தில் இலை இல்லை, கதிரில் மணி இல்லை. மக்களே அவனை வெளியேற்றுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரியது கொனரே மோரின் கதை. அவன் அரசனாகும்போது சில விலக்குகள் விதிக்கப்படுகின்றன. தாராவை இந்தப் பக்கமாகச் சுற்றாதே, சிவப்பனின் வீட்டுக்கு மூன்று சிவப்பர்கள் உனக்கு முன்னால் போகக் கூடாது என்று புரியாத விதிகள். அவற்றுக்கு நடுவே ஒரு புரிகிற விதி: உன் ஆட்சியில் கொள்ளை நடக்கக் கூடாது. ஆட்சி அற்புதமாகத் தொடங்குகிறது. இளவேனில் நடுவிலிருந்து இலையுதிர்கால நடுவரை மாட்டின் வாலைக்கூடக் காற்று அசைக்கவில்லையாம். ஆனால் அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று சகோதரர்கள் ஆண்டுதோறும் ஒரு விவசாயியிடமிருந்து பன்றி, கன்று, பசு என்று திருடுகிறார்கள். அரசன் என்ன செய்வான் என்று பார்க்கத்தான். விவசாயி ஆண்டுதோறும் வந்து முறையிடுகிறான். ‘நீயே போய் அவங்ககிட்ட பேசு’ என்கிறான் அரசன். போனால் உயிர் போகும் நிலை. தண்டனை இல்லை என்று தெரிந்ததும் திருட்டு கொள்ளையாகிறது, கூட்டம் பெருகுகிறது. கடைசியில் பிடிபட்டு நிற்கும்போது கொனரே தீர்ப்பளிக்கிறான்: ஒவ்வொரு தந்தையும் தன் மகனைக் கொல்லட்டும், என் சகோதரர்களை மட்டும் விட்டுவிடுங்கள். சொன்ன மறுகணமே தன் ஆயுளைத் தானே குறைத்துக்கொண்டது அவனுக்குத் தெரிகிறது. தீர்ப்பை மாற்றி எல்லாரையும் கடல் கடந்து விரட்டுகிறான். ஆனால் முதல் விலக்கு உடைந்தாகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் உடைகின்றன. அவர்கள் கடற்கொள்ளையரோடு சேர்ந்து திரும்பி வருகிறார்கள். டா டெர்காவின் விடுதி தீப்பற்றுகிறது. தாகத்தில் தவிக்கும் அரசனுக்குத் தண்ணீர் தேடி அவன் வீரன் மக் கேக்ட் நாடெல்லாம் அலைகிறான், ஆறுகளும் ஏரிகளும் அவனிடமிருந்து ஒளிந்துகொள்கின்றன. தண்ணீரோடு திரும்பும்போது தலை வெட்டப்பட்டுவிட்டது. வெட்டுண்ட தலையின் வாயில் தண்ணீரை ஊற்றுகிறான். தலை அவனைப் புகழ்ந்து பேசுகிறது.

கொனரே கெட்டவன் இல்லை. பாசக்காரன். ‘நம்ம பையன்’ என்று ஒரே ஒரு முறை சட்டத்தை வளைத்தான். அதற்கு விலை ஒரு நாடு. எளியவனின் பன்றிக்கும் கன்றுக்கும் நியாயம் கிடைக்காத இடத்தில்தான் பேரழிவு தொடங்குகிறது என்று 1100 வாக்கில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி சொல்கிறது. இதைப் படித்துவிட்டு “கொனரே கி.மு.வா கி.பி.யா?” என்று ஒருவர் கேட்டால் நான் என்ன சொல்வது?

இது வெறும் கதை, நிஜ அரசர்களுக்கு உறைத்ததா என்று கேட்கலாம். 7ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று தேனீக்களைப் பற்றியது. அதில் போகிறபோக்கில் ஒரு செய்தி வருகிறது. கொங்கல் காய்க் என்ற அரசன் தேனீ கொட்டிக் கண்ணை இழந்ததால் தாராவின் அரசுரிமையிலிருந்து இறக்கப்பட்டான். கொங்கல் நிஜ மனிதன், 637இல் மாக் ரோத் போரில் செத்தவன். நுவதுவின் கையும் கொங்கலின் கண்ணும் ஒரே விதியில் வருகின்றன. பொய்த்தீர்ப்புச் சொன்ன அரசனும், விருந்து மறுத்த அரசனும் தன் மான விலையை இழப்பான் என்று சட்ட நூல்கள் சொல்கின்றன. மக் கோனும் ப்ரெஸ்ஸும் சட்டத்தின் கதைவடிவம் என்றே சொல்லலாம்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். கார்ப்ரே கின்காட், பூனைத்தலையன். கப்பம் கட்டும் அடிநிலைக் குலங்கள் கிளர்ந்தெழுந்து பிரபுக்களைக் கொன்று அவனை அரசனாக்குகின்றன. ஐந்து ஆண்டு ஆள்கிறான். அந்த ஐந்து ஆண்டும் கதிருக்கு ஒரு மணி, கருவாலி மரத்துக்கு ஒரு காய், மடியில் பால் இல்லை, ஆற்றில் மீன் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பழைய அரச வம்சத்தின் பிள்ளை ஃபெரதாக் திரும்பி வந்ததும் எல்லாம் செழிக்கிறது. பார்த்தீர்களா? அநியாயத்தை அளந்த அதே அளவுகோலால், கீழே இருந்தவன் மேலே வந்ததற்காக அடிக்கிறார்கள். அவன் என்ன பொய்த்தீர்ப்புச் சொன்னான் என்று ஒரு வரி கிடையாது. பிறப்புதான் குற்றம்.

ஆனால் இங்கேயும் மரபு ஓரிடத்தில் கைநடுங்குகிறது. நல்லாட்சி பற்றிய மிகப் பழைய ஐரிஷ் நூல் ‘மொரனின் சாசனம்’. ஏறத்தாழ கி.பி. 700. நீதிபதி மொரன் புதிய அரசன் ஃபெரதாக்குக்குச் சொல்லியனுப்பும் அறிவுரை அது. ஆள்பவனின் வாய்மை என்ன செய்யும் என்பதை இதைவிட விரிவாகச் சொன்ன பழைய நூல் அங்கே இல்லை. இந்த மொரன் யார்? ஒரு மரபின்படி பூனைத்தலையனின் மகன். கொள்ளைக்காரன் என்று பழிக்கப்பட்டவனின் பிள்ளை வாயிலிருந்துதான் அரச வம்சம் அறத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை யார் எதற்காக இப்படி இணைத்தார்கள்? மேட்டிமையின் வெற்றியா, அதற்குள்ளேயே நுழைந்த குற்றவுணர்வா? இளம் வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது இந்த மாதிரிக் கேள்வியில்தான்.

புலவர்கள் தங்கள் கூலிக்காகத்தானே எழுதினார்கள், ப்ரெஸ் செய்த பெரிய பாவமே புலவனுக்குச் சோறு போடாததுதானே என்றும் கேட்பார்கள். ஆமாம். அதே கை ஒருபக்கம் டால் காஷ்களுக்குச் சித்தப்பா செய்து கொடுத்தது, மறுபக்கம் கொனரேவின் தலையை வெட்டியது. கூலிக்கு எழுதியவன் உண்மை எழுத மாட்டான் என்பது ஒரு மூடநம்பிக்கை. அவன் எங்கே விலைபோனான், எங்கே போகவில்லை என்று வரிவரியாகப் பார்ப்பதற்குத்தான் வாசிப்பு என்று பெயர். ‘நடந்ததா நடக்கலையா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு போனால் இரண்டுமே கண்ணில் படாது.

ஆகவே என் வேண்டுகோள் எளிது. மீலின் கப்பலிலிருந்து தொடங்காதீர்கள், குலமர அட்டவணையைச் சேமித்து வைக்காதீர்கள், கி.மு. 1700ஐ யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். ‘மாக் துரேத் போர்’ என்ற கதையில் ப்ரெஸ் வருகிறான், ‘டா டெர்கா விடுதியின் அழிவு’ என்பதில் கொனரே வருகிறான். இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அவற்றைப் படியுங்கள். பிறகு பூனைத்தலையனைப் படித்துவிட்டு, அவன் ஆட்சியில் நிஜமாகவே ஒரு கதிருக்கு ஒரு மணிதான் இருந்ததா, அல்லது எண்ணியவன் பிரபுவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலைக் கடைசியில் பார்த்தால் போதும்.